காந்திமதித் தாய் உட்கார வைத்த பிள்ளைகள்

வெள்ளிக்கிழமைக் கூட்டு வழிபாட்டில் என்னோடு சேர்ந்து பாடும் அன்பர்களுக்கு இதை எழுதித் தருகிறேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன்.

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், என் மாணவி ஒருத்தி ஆற்றோடு போகப் பார்த்தாள். கரையில் நின்று அதைப் பார்த்தவள் நான். அவளைத் தண்ணீரில் இறங்க வைத்ததும் நான்தான்.

பாளையங்கோட்டைக்கு வெளியே, புது வீடுகள் பெருகிவரும் பகுதியில் இருக்கிறது எங்கள் அரசுப் பள்ளி. அங்கே நான் உடற்கல்வி ஆசிரியை. பெண்பிள்ளைகளுக்குக் கோ-கோ சொல்லிக் கொடுக்கிறேன். கடுகடுத்த ஆள் என்று எனக்குப் பெயர். விசில் ஊதினால், கையில் சோறு இருந்தாலும் போட்டுவிட்டு என்னிடம் ஓடி வர வேண்டும். அப்படிப் பழக்கி வைத்திருந்ததில் எனக்குப் பெருமை வேறு.

இசக்கி ஒன்பதாம் வகுப்பு. அம்மாவும் அவளும் மட்டும்தான். மகளை வெளியூர் ஆட்டத்துக்கு அனுப்ப அந்த அம்மாவுக்கு மனமே இல்லை. நான்தான் வீட்டுக்குப் போய் மல்லுக்கட்டிச் சம்மதிக்க வைத்தேன்.

“ஒத்தப் பிள்ள டீச்சர். உங்கள நம்பித்தான் விடுதேன்” என்றார்.

அம்பாசமுத்திரத்தில் நடந்த ஆட்டத்தில் ஜெயித்துவிட்டோம். திரும்பும் வழியில் ஆற்றில் கால் நனைக்க வேண்டும் என்று பிள்ளைகள் உயிரை எடுத்தார்கள். ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். நடுவில் ஒரு கல்மண்டபம். அதில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுவிட்டுக் கரையேறினோம். ஷூவை மண்டபத்திலேயே வைத்துவிட்டேன் என்று இசக்கி திரும்ப ஓடினாள். போய் எடுத்துக்கொண்டு வரட்டும் என்று விட்டுவிட்டேன். எங்களுக்கு மேலே நல்ல வெயில். மேற்கே மலையில் மழை கொட்டியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அவள் மண்டபத்தில் ஏறி ஷூவை மாட்டுவதற்குள் தண்ணீர் செம்மண் நிறத்தில் புரண்டு வந்துவிட்டது. நாங்கள் நடந்து வந்த மணல்திட்டைக் காணோம்.

படித்துறையில் குளித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவர் பதறாமல் சொன்னார். “பிள்ளை அங்கனயே இருந்தா போதும் டீச்சர். மண்டபம் முங்காது. நான் போயி டிராக்டர் டியூபும் கயிறும் கொண்டாரேன். இறங்கிட்டான்னா மட்டும் ஒண்ணும் செய்ய முடியாது.” ஈரத் துண்டோடு ஓடினார்.

அவள் இறங்கக்கூடாது. அவ்வளவுதான் வேண்டும். கத்தினேன். என் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும் என்று கேலி செய்வார்கள். அன்று ஆற்று இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பவாவது செய்யட்டும் என்று, புத்தி கெட்டுப்போய், விசிலை எடுத்து ஊதிவிட்டேன்.

விசில் அவளுக்குக் கேட்டுவிட்டது. உடனே படியில் இறங்கித் தண்ணீரில் கால் வைத்தாள்.

வேண்டாம் என்று இரண்டு கையையும் வீசினேன். சீக்கிரம் வா என்று கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டாள் போல. இன்னொரு படி இறங்கினாள். முழங்கால் வரை தண்ணீர். பாவாடை ஒரு பக்கமாக இழுபட்டது. அவள் அம்மாவின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

அன்பர்களே, நான் பதிகம் பாடி வளர்ந்தவள். அன்று எனக்கு ஒரு வரி நினைவுக்கு வரவில்லை. அம்மனோடு சண்டைதான் போட்டேன். “ஏ காந்திமதி, தண்ணியக் குறைச்சிரு. இப்பமே குறைச்சிரு. எம்மேல கோவம்னா என்னைய எடுத்துக்கோ” என்று ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டேன். தண்ணீர் குறையவில்லை. இன்னும் ஏறியது.

அப்போது என் பக்கத்தில் நின்ற பொன்மணி பொத்தென்று மணலில் உட்கார்ந்தாள். அவள்தான் எங்கள் அணியின் கேப்டன். அவளைப் பார்த்து அடுத்தவள் எதிர்ப்பக்கம் முகம் திருப்பிக் குத்தவைத்தாள். அதற்கடுத்தவள் மறுபடி இந்தப் பக்கம். ஆட்டத்தில் உட்காருகிற அதே வரிசை அந்தக் கரையில் உருவாகிவிட்டது.

கோ-கோவில் அப்படி உட்கார்ந்தால் ஒரே சட்டம்தான். பின்னால் வந்து ஒருத்தி தொட்டு, ‘கோ’ சொல்லும் வரை எழுந்திருக்கக்கூடாது.

இசக்கி அந்த வரிசையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு பைய மேலே ஏறி, மண்டபத்தின் நடுவில் அவர்களைப் போலவே குத்தவைத்தாள்.

அண்ணாச்சி ஆட்களோடு வந்து, இடுப்பில் கயிறு கட்டி, டியூபில் போய் அவளைக் கொண்டுவந்து சேர்க்கும்வரை கரையில் ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. இசக்கியின் பல் கிட்டிப்போயிருந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. என் முந்தானையால் அவள் தலையைத் துவட்டினேன்.

வேனில் வரும்போது பொன்மணியிடம், உட்கார வேண்டும் என்று எப்படியம்மா உனக்குத் தோன்றியது என்று கேட்டேன்.

“ஒண்ணும் தோணல டீச்சர். பயத்துல கால் மடங்கிட்டு” என்றாள்.

மற்றவர்களையும் கேட்டேன். கேப்டன் உட்கார்ந்தாள், நாங்களும் உட்கார்ந்தோம் என்றார்கள். யாரும் யோசித்துச் செய்யவில்லை. அப்படியானால் யோசித்தது யார்? எனக்குத் தெரியும். நீங்களும் அறிவீர்கள்.

இசக்கியின் அம்மாவிடம் அன்றே போய் நடந்ததையெல்லாம், விசிலையும் சேர்த்துச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் நெல்லையப்பர் கோயிலில் காந்திமதி அம்மன் சன்னதிக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போகிறோம்.

முன்பெல்லாம் பள்ளிக்கூடத்தில் போடுவதைப் போலவே சாமியிடமும் உத்தரவு போடுவேன். இது வேண்டும், இப்படி வேண்டும் என்பேன். இப்போது என் பயத்தை மட்டும் சொல்கிறேன். மற்றது அவள் பாடு. இதைப் படிக்கிறவர்களில் யாராவது, கேட்டது நடக்கவில்லையே என்று நொந்து போயிருந்தால், உங்களுக்காகத்தான் இதை எழுதினேன். தாயை நம்புங்கள். நாம் கேட்காத வழியிலும் அவள் வருவாள்.

அன்று இருட்டும் வரை ஆற்றில் தண்ணீர் குறையவே இல்லை.