நகுமோவின் விடியல் வீரர்கள்

மினெகோவுக்கு அந்தக் கார்டுகளைப் பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. அவற்றைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை. ஒருவர் வீட்டில் மீன்தொட்டி இருக்கும், இன்னொருவர் வீட்டில் மீன்பிடி தூண்டில் இருக்கும், தன் வீட்டில் கார்டுகள் இருக்கின்றன, அவ்வளவுதான். அவள் கணவர் நகுமோ தொமொஹரு தாகாஓகா நகரத்தில் டிராம் ஓட்டுபவர். ஐம்பதை நெருங்குகிற மனிதர். குடிப்பதில்லை, குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதில்லை. வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் நிலையத்துக்குப் பின்னால், சலவைக் கடையின் மாடியிலிருந்த கார்டு கடைக்குப் போய், பள்ளிக்கூடப் பையன்களோடும் ஆபீஸ்காரர்களோடும் உட்கார்ந்து, படக் கார்டுகளை ஒன்றோடொன்று மோதவிடும் ஆட்டத்தை ஆடிவிட்டு வருவார். போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அவருடைய கார்டுக் கட்டில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம். முகமூடியும் மேலங்கியும் போட்ட சாகச வீரர்கள். குடும்பப் பெயர் 'விடியல் வீரன்'. விடியல் வீரன் இடிமுழக்கன், விடியல் வீரன் கல்தோளன், விடியல் வீரன் நெருப்பலை என்று ஒவ்வொருவன் பெயருக்கு முன்னாலும் அது வரும். புதிய கார்டுகள் வர வர இந்தக் குடும்பம் பழசாகிவிட்டது, இதை வைத்துக்கொண்டு யாரும் இப்போது ஜெயிப்பதில்லை என்று கடையில் கேலி செய்வார்கள். நகுமோ மாற்றிக்கொள்ளவில்லை.

கார்டை வைக்கும்போது அவர் சும்மா வைக்க மாட்டார். டிராம் ஓட்டுபவர்கள் சிக்னலை விரலால் சுட்டி, "பச்சை, சரி" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் வண்டியை எடுப்பார்கள். ஆண்டுக்கணக்கில் ஊறிப்போன அந்தப் பழக்கம் கார்டுகளுக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு கார்டையும் சுட்டுவிரலால் காட்டி, முழுப் பெயரையும் உரக்கச் சொல்லுவார். வீட்டுச் சமையலறையில் தனியாக ஒத்திகை பார்க்கும்போதுகூட அப்படித்தான். மினெகோ முள்ளங்கி சீவிக்கொண்டிருப்பாள்; பின்னாலிருந்து "விடியல் வீரன் கல்தோளன்!" என்று குரல் வரும். "மெதுவா, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்," என்பாள் திரும்பிப் பார்க்காமலே.

பனி கொட்டத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடையில் வைத்துத்தான் அவருக்கு அது வந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் ரியோகெய் என்ற மொட்டைத்தலை மனிதர். ஆற்றங்கரைப் பக்கத்துச் சின்ன புத்தர் கோயிலின் பூசகர். ஊர் முழுக்க அவரைச் 'சாமி' என்றுதான் கூப்பிடும். சாமியின் கார்டுக் கட்டில் இருந்தவை முழுக்கப் பேய்கள். நகுமோ ஒரு கார்டை வைத்து, விரலை நீட்டி, "விடியல் வீரன்... குடை," என்றாராம். சாமி சிரித்தார். நகுமோ மறுபடி சொல்லப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இறங்கியது. வலது கையிலிருந்த கார்டுகள் மேசையில் சரிந்தன. சாமி மேசையைத் தாண்டிக் குதித்து அவரைத் தாங்கிக்கொண்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினார். அந்த வேகத்தினால்தான் உயிர் பிழைத்தது என்று பிறகு மருத்துவர் சொன்னார்.

உயிர் பிழைத்தது, பேச்சு போய்விட்டது. மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. பிறர் சொல்வது பெரும்பாலும் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் "அது... அது..." என்பதற்கு மேல் வரவில்லை. தண்ணீரும் அதுதான், வலியும் அதுதான். வலது கையும் சரியாக எழும்பவில்லை. மினெகோ சூப்பர் மார்க்கெட்டில் பலகாரம் பொரிக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். காலை வேலையை முடித்துவிட்டு, தலைமுடியில் எண்ணெய் வாசனையோடு, துவைத்த துணிகளைப் பையில் எடுத்துக்கொண்டு தினமும் மருத்துவமனைக்கு வந்தாள். கட்டிலருகே உட்கார்ந்து அன்று என்ன நடந்தது என்று சொல்லுவாள். அவர் "அது" என்பார். அவள் தலையாட்டுவாள்.

புத்தாண்டு கழிந்து சாமி வந்தார். ஏதோ வீட்டில் திதி நடத்தி முடித்த கையோடு, சாவுச் சடங்குக்குப் போடும் கறுப்பு அங்கியும் ஜெபமாலையுமாக நேரே வார்டுக்குள் நுழைந்துவிட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்த முதியவர், ஓய்வுபெற்ற மீன் வியாபாரி, கண்ணைத் திறந்து அவரைப் பார்த்ததும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"சாமி! எனக்கு இன்னும் நேரம் வரல! நீங்க கட்டில் மாறி வந்துட்டீங்க!"

"இல்லைங்கய்யா, நான் சும்மா கார்டு ஆட..."

"யாரு போயிட்டா? சொல்லுங்க, யாரு?" என்று எதிர்க் கட்டிலிலிருந்து இன்னொரு குரல்.

நர்ஸ் ஓடிவந்தாள். "சாமி, தயவுசெஞ்சு அந்த அங்கியக் கழட்டுங்க. இங்க எல்லாருக்கும் பிரஷர் ஏறுது."

கடைசியில் சாமி நகுமோவின் ஸ்வெட்டர் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அதன் கைகள் மணிக்கட்டுக்கு வெகு மேலேயே நின்றுவிட்டன. சாப்பாட்டுப் பலகையில் கார்டுகளைப் பரப்பினார். அன்று கடையில் சிதறிய கட்டு. ஒன்றுகூடத் தொலையாமல் பொறுக்கி வைத்திருந்தார்.

நகுமோ வெகுநேரம் பார்த்தார். இடது கை மெல்ல எழுந்தது. சுட்டுவிரல் நீண்டது.

"விடியல்... வீரன்... இடிமுழக்கன்."

துணியை மடித்துக்கொண்டிருந்த மினெகோ நிமிர்ந்தாள். அவர் விரல் அடுத்த கார்டுக்குப் போனது. "விடியல் வீரன் கல்தோளன். விடியல் வீரன் நெருப்பலை." குரல் கரகரத்தது, ஆனால் சொல் சொல்லாக வந்தது. சாமி பலகையைத் தட்டிக்கொண்டு அழுதார். மீன் வியாபாரி கைதட்டினார். மினெகோவும் அழுதாள், சந்தோஷத்தில்தான். கட்டிலுக்கு முன்னால் வந்து நின்று, "தொமோ சான், நான்? நான் யாரு?" என்று கேட்டாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். தெரிந்த முகம் என்பது கண்களில் தெரிந்தது. உதடுகள் அசைந்தன.

"அது..." என்றார்.

மினெகோ காலியான துணிப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

தாழ்வாரக் கோடியில், பான இயந்திரத்தின் அருகே நின்றிருந்த அவளைச் சாமி தேடி வந்தார். குட்டை ஸ்வெட்டரின் கைகளை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே நின்றார்.

"ஒகுசான், அவர் வேணும்னு..."

"தெரியும் சாமி. வேணும்னு இல்லை." சூடான காபி டப்பாவைத் திறக்காமல் கையில் உருட்டினாள். "அத்தனை பேர் பேரும் வருது. அவங்கள்ல ஒருத்தனாவது அவர் சட்டையத் துவைச்சுப் போட்டிருப்பானா?"

"மாட்டான்," என்றார் சாமி. "துக்கம் விசாரிக்கறதுதான் என் பொழப்பு. இதுக்கு எங்களுக்கு மந்திரம் ஒண்ணும் கிடையாது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. டப்பாவைச் சாமியிடமே கொடுத்துவிட்டாள்.

மினெகோ இதைச் சொன்னபோது, பேச்சுப் பயிற்சி கொடுத்த ஒகிதா என்ற இளம்பெண் ஆச்சரியப்படவில்லை. "வாய் அதிகமாப் பழகின சொல்லு சில சமயம் முதல்ல திரும்பி வரும், நகுமோ சான். சிலருக்குப் பாட்டு வரும், சிலருக்குக் கெட்ட வார்த்தை வரும். பாசத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. வாய்க்குப் பழக்கம், அவ்வளவுதான்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் வீட்டுக்குப் போகும் டிராமில் மினெகோவின் மனதில் தங்கியது கடைசி வாக்கியம்தான். வாய்க்குப் பழக்கம். தன் பெயர் அவர் வாய்க்கு எத்தனை பழக்கம்? கல்யாணமான புதிதில் கூப்பிட்டிருக்கிறார். அப்புறம் அது "ஏய்" ஆனது. "இங்க பாரு" ஆனது. தேநீர் வேண்டுமென்றால் "தேநீர்" என்பார், அவள் வருவாள். வீட்டில் இருப்பது இரண்டே பேர். பெயர் சொல்லிக் கூப்பிட அவசியம் என்ன இருந்தது? வேலை பார்க்கும் இடத்தில் அவள் சட்டையில் குத்தியிருப்பது 'நகுமோ' என்ற குடும்பப் பெயர் வில்லை. சாமிக்கு அவள் 'ஒகுசான்', வீட்டுக்காரம்மா. அவளை மினெகோ என்று தினமும் கூப்பிட்டவள் அவள் அம்மா. அம்மா போய் வெகுகாலமாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பனியை ஒதுக்கிக் குவித்திருந்தார்கள். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, கோபப்படாமல் இருக்கவும் முடியவில்லை. தானும் அவரைக் கேட்டதில்லையே என்றும் தோன்றியது. பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று எந்தப் பெண் கேட்பாள், அதுவும் இத்தனை வருடத்துக்குப் பிறகு?

பயிற்சி தொடர்ந்தது. சாமி வராத நாட்களில் ஒகிதாவே கார்டுகளை வைத்தாள். அவளுக்கு ஆட்டம் தெரியாததால் நகுமோவுக்கு எரிச்சல் வரும். எரிச்சலில் புதுச் சொற்கள் வந்தன. "தப்பு" வந்தது. "அங்க இல்ல" வந்தது. ஒரு நாள் "முட்டாள்" என்றார். ஒகிதா மகிழ்ந்துபோய் அதைக் குறித்துக்கொண்டாள். மினெகோ மட்டும் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சாமியிடம்தான் ஒரு தடவை, "எல்லார் பேருக்கும் முன்னால அந்த விடியல் வீரன் எதுக்கு? தனிப் பேரு பத்தாதா?" என்று கேட்டாள்.

"அந்தப் பேரு இருந்தாத்தான் குடும்பம், ஒகுசான். கட்டுலேருந்து கூப்பிடறப்ப 'விடியல் வீரன்'னு பேர்ல இருக்கறவன்தான் வருவான். மத்தவன் எவ்வளவு பலசாலியா இருந்தாலும் வர மாட்டான்."

"நல்ல குடும்பம்," என்றாள்.

பனி உருகி ஓடைகளில் சத்தம் கேட்கத் தொடங்கிய ஒரு மதியம். மினெகோ கிளம்பினாள். அவசரத்தில் கழுத்துத் துணியை நாற்காலியிலேயே விட்டுவிட்டாள். நகுமோ அதைப் பார்த்தார். "அது," என்றார். அவள் வார்டு வாசலைத் தாண்டிவிட்டாள். "அது! அது!" இடது கையால் கட்டில் கம்பியை அடித்தார். காலடி ஓசை தேய்ந்தது. துணியைக் கையில் எடுத்து, விரலை வாசலை நோக்கி நீட்டினார். நீட்டியதுமே வாய் தன்னால் திறந்துகொண்டது.

"விடியல் வீரன்... மினெகோ!"

தாழ்வாரத்தில் லிஃப்ட் வந்து கதவு திறந்து நின்றது. அவள் ஏறவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். கதவு மூடிக்கொண்டு போய்விட்டது.

திரும்பி வந்தபோது அவள் முகம் முழுக்கச் சிவந்திருந்தது. "என்ன சொன்னீங்க?"

"விடியல் வீரன் மினெகோ." கழுத்துத் துணியை நீட்டினார்.

"இன்னொரு தடவை."

சொன்னார்.

மீன் வியாபாரி தலையணையிலிருந்து தலையை உயர்த்தினார். "ஏம்ப்பா, பொம்பளையப் போயி வீரன்ங்கறியே. வீராங்கனைன்னு திருத்திச் சொல்லு."

"வேணாம்," என்றாள் மினெகோ. "வந்தது வந்தபடி இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்த பிறகும் அவரால் அவள் பெயரைத் தனியாகச் சொல்ல முடியவில்லை. முன்னால் குடும்பப் பெயர் வந்தால்தான் பின்னால் மினெகோ வந்தாள். தான் வேலை பார்க்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கு அவரைக் கூட்டிப்போனாள். சோயா சாஸ் அடுக்குகளுக்கு நடுவே அவளைக் காணாமல் அவர் உரக்கக் கூப்பிட, பலகாரப் பிரிவுப் பெண்கள் அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து அவர்களும், "விடியல் வீரனே, அந்த உருளைக்கிழங்கு வடைய எடுங்க," என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவள் அதட்டினாள். ஆனால் அவர்கள் நிறுத்தியிருந்தால் வருத்தப்பட்டிருப்பாள். பிறகு எப்போதோ ஒருநாள் அந்த முன்பெயர் உதிர்ந்து வெறும் மினெகோ வரத் தொடங்கியது. எந்த நாள் என்று அவள் கவனிக்கவில்லை. கவனித்தபோது, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் எதையோ இழந்ததுபோலவும் இருந்தது.

டிராம் ஓட்டும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. சிக்னலைப் பார்த்ததும் சொல்ல வேண்டிய சொல், சிக்னலைக் கடந்த பிறகு வந்தால் பயனில்லை. அது அவருக்கே தெரிந்தது. பணிமனையில் வண்டிகளின் உள்ளே துடைக்கும் வேலைக்கு மாற்றிக்கொண்டார். முதல் நாள் ஓட்டுநர் அறையைத் துடைத்துவிட்டு வந்து, ஷூவைக் கழற்றாமலே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மினெகோ தேநீர் வைத்தாள்.

கோடையில் கார்டு கடையில் ஒரு போட்டி வந்தது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நேர வரம்பு உண்டு. நகுமோவின் எதிரே உட்கார்ந்தவன் கல்லூரி மாணவன், நல்ல பிள்ளை. "பேரெல்லாம் சொல்ல வேணாம் சார். கார்டைக் காட்டினாலே போதும், எனக்குத் தெரியும்," என்றான்.

"சொல்லணும்," என்றார் நகுமோ.

சுட்டினார், நின்றார், தேடினார், சொன்னார். ஆட்டத்தில் அவர் கைதான் ஓங்கியிருந்தது. இன்னும் ஒரு சுற்றில் முடித்திருப்பார். மணி அடித்தது. நேரத்துக்குள் முடியாத ஆட்டம், போட்டியின் கணக்குப்படி இருவருக்குமே தோல்வி. சாமி போய் நடத்துபவரிடம் வாதாடப் பார்த்தார். நகுமோ அவர் அங்கியைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. தோற்றதற்காக அவர் கோபப்படுவதை மினெகோ பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது. மருத்துவமனையில் படுத்தே கிடந்தவர் கோபப்படுகிறார். பார்க்க அவளுக்கு நன்றாகவே இருந்தது.

பயிற்சிக்கு ஆள் வேண்டுமே என்று அதன் பிறகு அவளே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டாள். வீரர்கள் அவளுக்கு ஒத்துவரவில்லை. எப்போது பார்த்தாலும் கத்துகிறார்கள் என்றாள். கடைக்குப் போய் எல்லாக் குடும்பங்களையும் பார்த்துவிட்டு, மழைத் தவளைகள் என்ற குடும்பத்தை எடுத்துக்கொண்டாள். அவை சண்டை போடுவதேயில்லை. குளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்காரும், எதிராளி நகர இடமில்லாமல் போகும்.

சில வாரங்கள் தோற்றாள். பிறகு ஒரு சனிக்கிழமை, மதிய வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், சமையலறை மேசையில் அவருடைய வீரர்கள் அத்தனை பேரையும் அசையவிடாமல் அடைத்துவிட்டாள். நகுமோ மேசையை இந்தப் பக்கமாகவும் அந்தப் பக்கமாகவும் பார்த்தார். வழியில்லை. மினெகோ எழுந்து மேலங்கியை மாட்டிக்கொண்டாள்.

"தவளை," என்றார் அவர் வெறுப்பாக. கொஞ்சமும் தடுமாறாமல் வந்தது அந்தச் சொல்.