ரெண்டு பேர் வண்டி

எங்கள் வீட்டு ஷெட்டில் இரண்டு கிழட்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்று, கூரையை மடக்கிவிடக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட்டு. மற்றது, வால்பாறை எஸ்டேட் ஒன்றில் கழித்துவிட்ட நீள ஜீப். பின்னால் எதிரெதிர் பெஞ்சில் பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம். இரண்டையும் ஆசைப்பட்டு வாங்கியவர் என் வீட்டுக்காரர். இனி அவர் வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்னதும், ஒன்றையாவது விற்றுவிடலாம் என்றாள் மகள். எதை என்பதில்தான் தகராறு.

நியாயமாகப் பார்த்தால் ஜீப்தான் குடும்பத்துக்கு உழைத்தது. அன்னூர்த் தோட்டத்துத் தேங்காய், புண்ணாக்கு மூட்டை, தாராபுரத்துக் கல்யாணத்துக்குக் கிளம்பிய சொந்தபந்தம், எல்லாம் அதில்தான். மலை ஏறும்போது முக்கும், முனகும், ஆனால் பாதி வழியில் நின்றதில்லை. சின்ன வண்டி மேனாமினுக்கி. மழை பெய்தால் ஒழுகும், வேகத்தடையில் வயிறு இடிக்கும். அதற்கு ஒரு சாமான் வாங்குவதற்குள் இவருக்கு உயிர் போய் உயிர் வரும். எனக்கு அது சக்களத்தி மாதிரிதான். இருந்தும் ஜீப்பைக் கொடுத்துவிடலாம், சின்னது இருக்கட்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

காரணத்தை மகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு என்னை அடையாளம் தெரிகிறதா என்பதே சந்தேகமாகிவிட்டது.

வேறு ஊராக இருந்திருந்தால் சீக்கிரமே கண்டுபிடித்திருப்போம். இங்கே எந்தப் பெண்ணையும் அம்மணி என்றுதான் கூப்பிடுவார்கள். மகளும் அம்மணி, பால் ஊற்றுகிறவளும் அம்மணி, கட்டின பெண்டாட்டியும் அம்மணி. பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே அவருக்குக் கிடையாது, அதனால் என் பேர் மறந்துபோனது யாருக்கும் தெரியவில்லை. வீட்டு ஆட்களிடம் மட்டும் 'ங்க' போடமாட்டார். வா அம்மணி, போ அம்மணிதான். சில மாதங்களாக என்னிடம் வாங்க, உக்காருங்க என்று ஆரம்பித்தார். வயசான காலத்தில் மரியாதை கற்றுக்கொண்டுவிட்டார் என்று கேலி செய்தேன். உள்ளூரச் சந்தோஷம் வேறு. பக்கத்து வீட்டில் போய்ப் பெருமையடித்தேன், வெட்கங்கெட்டவள்.

மகள்தான் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். "அம்மா, அப்பா தெரியாதவங்ககிட்டத்தான இப்படிப் பேசுவாரு?"

அன்றிலிருந்து அவர் என்னிடம் போடும் 'ங்க'வையெல்லாம் எண்ண ஆரம்பித்தேன்.

ஜீப்பில் யார்தான் ஏறவில்லை? சந்தைக்குப் போகிறவர்கள், பஸ்ஸை விட்டவர்கள், வழியில் கை காட்டியவர்கள் எல்லோரையும் ஏற்றிக்கொள்வார். சின்ன வண்டியின் பக்கத்து சீட்டில் என்னைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. குழந்தையாக இருந்தபோது மகளைக்கூட என் மடியில்தான் வைத்துக்கொள்வேன். அவர் மண்டைக்குள் எல்லாம் அழிந்துகொண்டு வரும்போது, என்னை எங்காவது பத்திரமாக வைத்திருந்தால் அது அந்தச் சீட்டில்தான் இருக்கும் என்று நம்பினேன்.

ஜீப்பைப் பார்க்க ஆள் வருவதாக இருந்த காலையில், அவர் கையைப் பிடித்து ஷெட்டுக்குக் கூட்டிப்போனேன். சாவியை மகள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மெல்லக் குனிந்து, சின்ன வண்டியில் அவராகவே உட்கார்ந்தார். கை தானாக சோக் பிடியைத் தேடியது. கியரைப் போட்டுப் பார்த்து, ரெண்டாவது கொஞ்சம் சிக்கும் என்று சொல்லிக்கொண்டார். அது உண்மைதான், எப்போதும் சிக்கும். முகத்தில் பழைய களை வந்திருந்தது. சுற்றி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன்.

என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. யாரையும் வண்டியை விட்டு இறங்கு என்று சொல்லிப் பழக்கப்பட்ட மனுஷன் இல்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி," என்றார். "இது எங்கூட்டுக்காரி உக்கார்ற எடமுங்க. இப்ப வந்துருவா. நீங்க அந்தப் பெரிய வண்டீல ஏறிக்குங்க. எங்க போகோணும்னாலும் கொண்டுபோயி உட்டர்றனுங்க."

நான் இறங்கிக்கொண்டேன். அழுகை வரவில்லை. அவர் காத்திருக்கிற அந்தப் பெண் மேல் பொறாமைதான் வந்தது. ஜீப்பின் பின்படியில் கால் வைத்து ஏறி, பெஞ்சின் ஓரமாக உட்கார்ந்தேன். அவர் பக்கத்து சீட்டிலிருந்த தூசியைத் துண்டால் தட்டிவிட்டு, வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.