சின்ன வால் விமானம்

எங்கள் நைனா விமானத்தில் ஏற மாட்டேன் என்றார். அவரே கட்டிய விமானம். அதற்காக ஊர் அவரை மன்னிக்கவில்லை; ஒன்பது வயதில் நானும் மன்னிக்கவில்லை.

சோழவரத்தில் வெள்ளைக்காரன் சண்டைக்காகப் போட்டுவிட்டுப் போன ஓடுபாதை இருந்தது. வருஷத்துக்கொரு முறை கார்ப் பந்தயம், மற்ற நாளெல்லாம் மேயும் ஆடுகளும் வெயிலும். அதன் ஓரத்துத் தகரக் கொட்டகையில், பட்டாளத்தில் விமானம் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் நான்கு பேர் உட்காரும் விமானம் கட்டிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் முதலாளி. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு இன்ஜின். நைனா தலைமை ஃபிட்டர். வாலின் தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணியெல்லாம் அவர் அடித்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, அவருக்குக் கீழே வேலை செய்தார்.

கொட்டகையில் ஒரு சட்டம். கடைசி ஸ்க்ரூவை முடுக்கியவன் முதலாளியோடு ஏறிப் பறக்க வேண்டும். தன் வேலைக்குத் தன் உயிரே சாட்சி. நைனா ஏழெட்டு தடவை பறந்தார். “மேல போயிட்டா கைய உட்டாலும் நேராப் போவுது, எறங்கறப்ப பஞ்சு” என்று சோற்றைப் பிசைந்தபடி சொல்வார். பிசைந்த கை வாய்க்குப் போகாது.

ஒருநாள் பேசாமல் சாப்பிட்டார். உயரத்தில் முதலாளி ஒரு இன்ஜினை அணைத்துப் பார்த்திருக்கிறார். வேகம் இருந்தவரை சரி. வேகம் குறைந்ததும், வாலைத் திருப்பும் பெடலை அடிவரை மிதித்தும், மூக்கு செத்த இன்ஜின் பக்கமே திரும்பிக்கொண்டு போனதாம்.

“ரெட்டை மாட்டு வண்டில ஒண்ணு படுத்துக்கினா இன்னா ஆவும்?” என்று என்னைக் கேட்டார்.

“படுத்த மாட்டுப் பக்கம் திரும்பும்.”

“அத்த இழுத்துப் புடிக்கிறதுக்குத்தான் வாலு. இதுக்கு வாலு பத்தல.”

முதலாளி கேட்கவில்லை. விமானத்தை வாங்குகிறவர்கள் பார்க்க வரும் நாள் நெருங்கிவிட்டது. மெதுவாகப் பறக்காமலிருந்தால் போயிற்று என்றுவிட்டார்.

அந்த நாளும் வந்தது. மூன்று சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், ஒரு பூசணிக்காய், வேலியோரம் ஊர் முழுக்க. முதலாளி நைனாவைக் கூப்பிட்டார்.

“வால மாத்துங்க சார், ஏர்றேன்.”

“உன் ரிவெட் மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?” என்றார் முதலாளி, வந்தவர்களின் காதில் விழும்படி.

கூட்டம் சிரித்தது. “ரிவெட்டு நிக்கும் சார்...” என்று நைனா ஆரம்பித்ததைக் கேட்க ஒரு காதும் இல்லை. மாமா முன்னால் வந்தார். “நவுரு மச்சான், நான் குந்துறேன்.”

ஏறியது. இரண்டு வட்டம் அடித்தது. பஞ்சாக இறங்கியது. கைதட்டல். “ரெண்டு இன்ஜினும் ஓடிக்கினு இருந்திச்சு. ஒண்ண அணைக்கவே இல்லையே” என்றார் நைனா, யாரிடமென்று இல்லாமல். நான் அவர் கையை உதறிவிட்டு மாமாவிடம் ஓடினேன்.

மாமா தலைமை ஃபிட்டர் ஆனார். நைனா காக்களூரில் பீரோ செய்யும் பட்டறைக்குப் போனார். வாரம் ஒருநாள்தான் வீடு. “இன்னாடி, பீரோவுலயாவது உங்க நைனா ஏறுவாரா?” என்று தெருவில் கேட்டார்கள். வீட்டுக்குள் அம்மா: “எந்தம்பி குந்தினான். ஒனக்கு மட்டும் உசுரு வெல்லக்கட்டியா?” விபத்து நடக்கவில்லை, நடக்காத விபத்துக்கு யார் சாட்சி வருவார்?

சில மாதம் கழித்து மாமாவுக்குக் காலை நாஷ்டா எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனபோது, விமானத்தின் பழைய வால் கழற்றிக் கிடந்தது. புது வாலில் மாமா ரிவெட் அடித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வரை அதை நாக்கில் வைத்துக் காத்திருந்தேன், நைனாவைக் குத்த.

“மாமா பெரிய வாலு வச்சிருக்காரு. உன்னுது மாதிரி பொடிசு இல்ல.”

டம்ளரைக் கீழே வைத்தார். “எம்மாம் பெருசு?”

இரண்டு கையையும் விரித்தேன்.

“சரியாக் காட்டு கண்ணு.”

இன்னும் கொஞ்சம் விரித்தேன். கிட்டே வந்து குந்தி, என் இரண்டு உள்ளங்கைக்கும் இடையில் காற்றை ஜாண் போட்டு அளந்தார். மறுபடியும் அளந்தார். “இப்பப் பத்தும்” என்றார். பிறகு கொல்லைப்புறம் போனவர் வெகுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். முகத்தைத் துண்டில் புதைத்து நின்றிருந்தார், தோள் குலுங்கியது.

தோற்றதற்கு அழுகிறார் என்று நினைத்தேன். நினைத்ததை ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன், சிரிப்பார் என்று. மாமா சிரிக்கவில்லை. எழுந்து, சட்டையைக்கூட மாட்டாமல், எங்கள் வீடு இருந்த திக்குக்கு எதிர்த் திக்கில் நடந்து போனார்.