தம்பி முகம்

சாகிற மனுசனுக்கு வாய் எப்படிக் கோணும் என்று தன் வாயைக் கோணிக் கண்ணாடியில் பார்க்கிறாள் ஓக்சுன். சரிப்பட்டு வந்தால் டேப்லெட்டில் நாலு கீற்று, ஆள் முடிந்தான். "மன்னிச்சுக்கப்பா, கதை எழுதினவன் அப்படித்தான் எழுதியிருக்கான்" என்று செத்தவனிடம் சொல்லிவிட்டு பார்லித் தண்ணீர் குடிப்பாள். படக்கதை வரைவது அவள் தொழில். ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கொரியாவின் புச்சோன் நகரில் மாடியறையில் உட்கார்ந்து ஊரான் கழுத்தையெல்லாம் வெட்டுகிறவள், கீழே தம்பி பெண்டாட்டி மிரியங் மீன் நறுக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மிரியங்குக்குக் கிம்பாப் கடை; கடற்பாசியில் சுருட்டின சோறு. "கொலைகார அண்ணி, சாப்பிட வாங்க" என்று அவள் படிக்கட்டில் நின்று கூப்பிட்டால் தெருவே சிரிக்கும்.

ஓக்சுன் இப்போது வரைவது, கொலையாளிக் கூட்டம் பற்றிய ஒரு வீடியோ கேமுக்கு முன்கதை. மாதம் ஒரு பாகம். கேம் தொடங்கும்போதே நாயகன் தன் தம்பி சமாதி முன்னால் நிற்பான். அந்தத் தம்பி எப்படி வாழ்ந்தான், எப்படிச் செத்தான் என்பதுதான் இந்தப் படக்கதை. தம்பிக்கு ஒரு முகம் வேண்டுமே என்று யோசித்தபோது, கை தானாகத் தோக்சு முகத்துக்குப் போய்விட்டது. தூக்கலான மேல்பல், புருவத்தில் வெட்டு. தோக்சு ஓக்சுனின் கூடப்பிறந்த தம்பி, மிரியங்கின் புருசன். கோஜேத் தீவில் கப்பல் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சடைத்துப் போய்விட்டான். மிரியங் பஸ் மாறிப் போய் இறங்குவதற்குள் முகத்தில் துணி போட்டுவிட்டார்கள்.

மிரியங்குக்குக் கேம் எல்லாம் தெரியாது. பாகம் வந்ததும் அடுப்பைத் தணித்துவிட்டுப் போனில் பார்ப்பாள். படத்தில் அவன் சோறு தின்றால் இவளுக்குப் பசியாறும். போன வாரம் கடைக்கு வந்த ஒருவர், அடுத்த பாகத்தோடு இவன் காலி என்று வாயில் சோற்றோடு சொல்லிவிட்டுப் போனார். மாடியேறி வந்தவள், "இவரையாச்சும் எங்கயாவது ஓடிப்போக விடுங்க அண்ணி. கதைதானே?" என்றாள்.

ஓக்சுன் கம்பெனிக்காரரிடம் கேட்டுப் பார்த்தாள். உள்ளே ஆளில்லாத வெறும் சமாதியாக வைத்துக்கொள்ளலாமே என்றுகூடச் சொன்னாள். கேமில் அண்ணனே தன் கையால் புதைத்ததாகச் சொல்கிறானே, எப்படி மாற்றுவது என்றார் அவர். தப்பும் சொல்ல முடியாது.

கடைசிப் பாகத்துக்கு வந்திருந்த எழுத்தில் ஒரே வரி: தம்பி மழையில் சாகிறான். கூட யார் என்று அதிலும் இல்லை, கேமிலும் இல்லை. ஓக்சுன் மிரியங்கை மேலே கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தாள்.

"சாவைத் தள்ள முடியலடி. ஆனா தனியாச் சாகணும்னு யாரும் சொல்லல. ஒரு பொம்பளை கையை வரையப் போறேன். அவன் தலையைத் தாங்குற மாதிரி புடி."

மிரியங் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு உள்ளங்கையையும் குழித்து நீட்டினாள். பிறகு, கனம் வந்து இறங்கியதுபோல், மெல்லத் தாழ்த்தினாள்.