நீ அடி, நான் வாங்கிக்கிறேன்

இல்லை, அழுங்கு விற்றாள் என்பதும் பொய், ஆம்பளையோடு ஓடினாள் என்பதும் பொய். இரண்டையும் சொன்னது ஒரே வாய்தான், எதிர்வீட்டுச் சங்கிலியம்மாளின் வாய். என் பேத்தி சுகிர்தம் இந்த வாசலைத் தாண்டிப் போய் ஒரு வருஷம் ஆகிறது. குழாயடியில் நான் குடத்தை வைத்தால் இன்றைக்கும் பேச்சு நின்றுபோகும். நேற்று நிற்கவில்லை.

"அழுங்குக்காரி லெட்டர் கிட்டர் போட்டாளா பெரியாத்தா?" என்று கேட்டாள் சங்கிலியம்மாள்.

"போட்டா ஒங்கிட்டத்தான் மொதல்ல வாசிக்கச் சொல்லியிருக்கா. ஒனக்குத்தான் காது ரொம்ப நல்லாக் கேக்குமே" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காதுதானே குடியைக் கெடுத்தது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அதில் என் பங்கும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

சுகிர்தம் என் மூத்த மகனின் மகள். 1996இல், அவளுக்குப் பத்து வயது நடக்கும்போது, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் குமுளி மலைப்பாதையில் உருண்டது. மகனும் மருமகளும் அதில் போய்ச் சேர்ந்தார்கள். சுகிர்தமும் அவளுடைய அண்ணன் அமலதாசும் என் கைக்கு வந்தார்கள். அடுத்த வருஷம் அமலதாஸ் மலைச்சாமியின் திராட்சைத் தோட்டத்தில் புகுந்து, கொடியைப் பிடித்துத் தொங்கி, பந்தலில் ஒரு பக்கத்தையே சாய்த்துவிட்டான். மலைச்சாமி புளிய விளாரை ஒடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "நாந்தேன் தொங்குனேன்" என்று முன்னால் போய் நின்றவள் இவள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தடித்துப்போயிற்று.

"ஏண்டி, நீயா செஞ்ச?" என்று மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே கேட்டேன்.

"அண்ணனுக்குக் காச்ச அடிக்குது அப்பத்தா. எனக்கு ஒடம்பு நல்லாத்தான இருக்கு" என்றாள்.

அவளுக்கு நியாயம் அவ்வளவுதான். யாருக்கு உடம்பு நன்றாக இருக்கிறதோ அவர் அடியை வாங்கிக்கொள்ள வேண்டும்.

வளர்ந்து, கம்ப்யூட்டர் படித்து, உத்தமபாளையத்தில் சேக் பரீத் என்பவர் நடத்திய பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். பரீட்சை முடிவு பார்த்துக் கொடுப்பாள், வேலைக்கு மனுப் போட்டுக் கொடுப்பாள். மத்தியானம் ஒரு மணிக்கு மேல் கடையில் ஈ காக்கை இருக்காது. சேக் பரீத் தொழுதுவிட்டுச் சாப்பிட்டு வர இரண்டரை ஆகும். அந்த நேரத்தில்தான் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு அவளைப் பிடித்துக்கொண்டது.

அவள் எனக்குச் சொன்னபடி சொல்கிறேன். இந்தப் பக்கம் இரண்டு பேர், எதிர்ப்பக்கம் இரண்டு பேர். ஆளுக்கொரு விலங்கைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே வளர்த்துக் கொண்டுவந்து மோதவிட வேண்டும். எதிராளி எந்த ஊர், எந்த நாடு என்று தெரியாது. எல்லோரும் நெருப்புக் கக்குகிறது, இடி இறக்குகிறது என்று அடிக்கிற விலங்காகத் தேடுவார்களாம். இவள் எடுத்தது அடிக்கவே தெரியாத ஒன்று. அதன் படத்தை ஒருநாள் அச்செடுத்துக் கொண்டுவந்தாள். பக்கத்தில் என்னவோ எண்ணாக எழுதியிருந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது, படம் தெரியும்.

"இது என்னன்னு சொல்லுங்க பாப்போம் அப்பத்தா."

"அழுங்குல்ல இது, எறும்புதின்னி! மேகமலைக் காட்டுல கெடக்குமே. ஒடம்பெல்லாம் செதிலு. ஆளக் கண்டாப் பந்து மாதிரிச் சுருண்டுக்கிரும்."

"இதுக்கு ஏதோ சீமப்பேரு வச்சிருக்காக, வாயில நொழையல. அழுங்குன்னே கூப்புட்டுக்கிறேன்."

"எப்ப அடிக்கும்?"

"அடிக்காது."

"பெறகு எதுக்குடி அது?"

"நிக்கிறதுக்கு. கூட்டாளி அடிக்கப் போறப்ப செதில விரிச்சுக்கிட்டு அவளுக்கு முன்னால நிக்கும். வார அடிய இது வாங்கிக்கிரும். நடுவுல கூட்டாளிக்குக் கொஞ்சம் உசுரு ஏத்தும். ஆனா தொடந்து ரெண்டு தடவ செதில விரிக்க ஏலாது. ஒருக்கா விரிச்சா அடுத்த அடிய வெறும் ஒடம்புலதான் வாங்கணும். எந்த அடிக்கு விரிக்கிறது, எந்த அடிய வெறும் ஒடம்புல வாங்குறதுன்னு பாக்குறதுதான் வெளயாட்டே."

'அவளுக்கு முன்னால' என்றாள். அன்றைக்கு அது என் காதில் ஏறவில்லை. ஆனால் அழுங்கு என்று பெயர் வைத்தது நான். சங்கிலியம்மாளை ஏசுகிற ஒவ்வொரு தடவையும் அது எனக்கு நினைவுக்கு வருகிறது.

2009 மே மாதம் தேவாரத்தில் ஒரு நல்ல குடும்பத்தில் அவளுக்குப் பேசி முடித்தோம். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். முதல் ஓலை வாசித்தாயிற்று.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம், மகனுடைய பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை அச்செடுக்கச் சங்கிலியம்மாள் சென்டருக்குப் போயிருக்கிறாள். பலகைத் தடுப்புக்கு உள்ளே சுகிர்தம் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கூட்டாளியோடு பேசியபடி ஆடிக்கொண்டிருந்தாள்.

"அழுங்க எறக்கிட்டேன். நீ அடி, நான் வாங்கிக்கிறேன். செதில இப்பவே விரிக்கிறேன்."

ஆடுகிறவளுக்கு இது ஆட்டப் பேச்சு. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? அழுங்கு வந்து இறங்கிவிட்டது, நீ அடித்துப் போடு, நான் விலைக்கு வாங்கிக்கொள்கிறேன், செதிலை இப்பவே விக்கிறேன். விரிக்கிறேனுக்கும் விக்கிறேனுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசமாம். அந்த ஓர் எழுத்து பஸ் ஏறி சுகிர்தத்துக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. லோயர் கேம்ப் வழியாக மலையாளத்துக்குச் செதில் கடத்துகிறாள் என்று சாயங்காலமே டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அழுங்கைத் தொட்டால் ஜெயில் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சனிக்கிழமை வனத்துறை ஜீப் வந்தது. வந்தவர்களைக் குறை சொல்லமாட்டேன், அவர்களுக்குத் தகவல் வந்தது, வந்து பார்த்தார்கள். தானியக் குலுக்கையில் கையை விட்டுத் துழாவினார்கள். கோழிக்கூட்டைக் கவிழ்த்தார்கள். கடைசியில் பைபிளுக்குள் மடித்து வைத்திருந்த அந்தத் தாள் அகப்பட்டது.

"அழுங்குப் படம். பக்கத்துல நம்பர். இது எடையாம்மா, விலையா?" என்று கேட்டார் அவர்களில் பெரிய அதிகாரி.

"எம்புட்டு அடி தாங்கும்கிறது சார்" என்றாள் சுகிர்தம்.

அவர் அவளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் சேதி கேட்டு சேக் பரீத் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். "சார், அது கம்ப்யூட்டர் கேமு. என் கடைக்கு வாங்க, இப்பவே ஓட்டிக் காட்டச் சொல்றேன்" என்று கையோடு கூட்டிப்போனார். பார்த்தார்கள், சிரித்தார்கள், போய்விட்டார்கள். அழுங்குப் பொய் அத்தோடு செத்தது.

ஆனால் சங்கிலியம்மாள் தோற்கிற ஆளா? "சரி, அழுங்கு இல்ல. அப்ப நீ அடி, நான் வாங்கிக்கிறேன்னு கொஞ்சுனாளே, அது ஆரோட? அழுங்கு இல்லேன்னா ஆம்பளதான்" என்றாள்.

மறுநாள் இரண்டாவது ஓலை வாசிக்கும்போது கோயிலில் பாதித் தலை எங்கள் பக்கம் திரும்பியது. புதன்கிழமை தேவாரத்திலிருந்து மாப்பிள்ளையின் பெரியப்பா வந்தார். தன்மையாகத்தான் பேசினார்.

"பிள்ள வெளயாடுறது எங்களுக்குக் கொறையில்ல. கூட ஆடுற ஆள் பேர மட்டும் சொல்லச் சொல்லுங்க. மூணாவது ஓலைக்கு முந்தித் தெரிஞ்சாப் போதும்."

"பொம்பளப் பிள்ளதான் பெரியப்பா" என்றாள் சுகிர்தம்.

"நல்லதாப் போச்சு. பேரு?"

"சொல்ல மாட்டேன்."

"பேரில்லாத பொம்பளையா ஆத்தா?" என்று கேட்டுவிட்டு எழுந்தார். வைத்த காப்பியைத் தொடவில்லை.

அவர் போனதும் அடுப்படியில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னாள். கூட்டாளி செசிலி. இதே தெருவில் பிறந்து, இவளோடு ஒரே பெஞ்சில் படித்த பெண். தேனிப் பக்கம் ஒரு கன்னியர் மடத்தில் சேர்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் அறை அவள் பொறுப்பு. மத்தியானம் மற்றவர்கள் ஓய்வெடுக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு ஆடியிருக்கிறாள். அடுத்த மாதம் அவளுக்கு வார்த்தைப்பாடு, கன்னியராவதற்குப் பீடத்தின் முன்னால் கொடுக்கிற சத்தியம்.

"பேரச் சொல்லிருடி. நீ தப்பிச்ச" என்றேன்.

"சொன்னா அவள வீட்டுக்கு அனுப்பிருவாக. வீட்டுல என்ன இருக்கு? குடிச்சுட்டு மிதிக்கிற அப்பன். பொண்டாட்டி செத்தவன் ஒருத்தனுக்கு அவளக் குடுக்கணும்னுதான் காத்துக் கெடக்காரு. எனக்கு நீங்க இருக்கீக, அண்ணன் இருக்கு. எனக்கு ஒடம்பு நல்லாத்தான இருக்கு அப்பத்தா."

செபமாலையை என் கையில் வைத்து அழுத்தினாள். செசிலி மடத்தில் இருக்கிறவரைக்கும் வாய் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். போன மாதம் செசிலி தானாகவே மடத்தை விட்டு வந்துவிட்டாள். ஒத்துவரவில்லையாம். வீட்டுக்கும் வரவில்லை, மதுரையில் ஒரு கடையில் நிற்கிறாளாம். அதனால்தான் இப்போது சொல்கிறேன். அவளைக் குறை சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கப் பாடுபடுகிறேன்.

மூன்றாவது ஞாயிறு. சாமியார் வேறு இரண்டு ஜோடிக்கு ஓலை வாசித்தார். எங்கள் ஓலையை வாசிக்கவில்லை. தேவாரத்துக்காரர்கள் முந்தியே வந்து நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். சுகிர்தம் பூசை முடிகிறவரைக்கும் முழங்காலில் இருந்தாள்.

வீட்டுக்கு வந்தால் அமலதாஸ் நிலைப்படியில் நின்றான்.

"கடத்துறவ அண்ணனான்னு என்னயக் கேட்டாக, பொறுத்தேன். இன்னிக்கு ஓலையும் நின்னுபோச்சு. பேரச் சொல்லு. இல்லையா, வாசலத் தாண்டு."

"ஏலே, ஒனக்காக அடி வாங்குன கைடா அது" என்றேன்.

"அத எம்புட்டு நாளைக்குச் சொல்லிக் காட்டுவ அப்பத்தா?"

சுகிர்தம் என்னைத்தான் பார்த்தாள். பேர் என் நாக்கு நுனியில் இருந்தது. செபமாலை கையில் இருந்தது. அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. நான் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு நாள் நினைக்கிறேன், சொல்லாததுதான் சரி என்று மறுநாள் நினைக்கிறேன்.

உள்ளே போனாள். சென்டருக்கு எடுத்துப்போகிற பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு வந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். என் பிடியை ஊரில் அழுங்குப் பிடி என்பார்கள், பிடித்தால் விடமாட்டேன். சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

"சத்தியத்த மட்டும் பிடிச்சுக்கங்க அப்பத்தா. என்னய விடுங்க."

கோயிலுக்குப் போட்டிருந்த முக்காட்டை எடுத்து மடித்து என் கையில் வைத்தாள். அமலதாஸ் ஒதுங்கி வழிவிட்டான். எதிர்வாசலில் சங்கிலியம்மாள் முறத்தோடு நின்றாள், அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். ஓரமாகப் போக இடம் இருந்தது. அவள் படி இறங்கி, மூடாத தலையோடு, எல்லோரும் பார்க்க நடுத்தெருவில் நடந்து பஸ் நிற்கிற இடத்துக்குப் போனாள்.