தள்ளுவண்டியிடம் தோற்ற ஏசி கடை

சூப்பர் மார்க்கெட் மேனேஜர் என்றால் டை கட்டிக்கொண்டு அழுகின தக்காளிக்குப் பதில் சொல்கிற உத்தியோகம். டார்கெட் என்றாலே லீவு லெட்டர் எழுதுகிற சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது. பொங்கலுக்குள் காய்கறி விற்பனை ஏறாவிட்டால் எங்கள் சென்னீர்குப்பம் கிளைக்கு மூடுவிழா, எனக்கு வீட்டுக்கு வழி. எதிரி யார் தெரியுமா? வாசலுக்கு நேர் எதிரே மல்லிகா அக்காவின் தள்ளுவண்டி!

மீட்டிங்கில் ஜெயித்த போர்

தலைமை அலுவலகத்து ஏரியா மேனேஜர் படம் போட்டுக் காட்டினார். "கடையைச் சுத்தி ஃபிளாட்ல இருக்கறவங்க பூரா ஐ.டி. ஆளுங்க. வெயில்ல நிக்க மாட்டாங்க, பாக்கெட் போட்டாத்தான் தொடுவாங்க" என்றார். என் பெண்டாட்டியே அந்த வண்டியில்தான் வாங்குகிறாள் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வண்டியைப் பற்றி மெல்ல இழுத்தேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"தள்ளுவண்டிக்கெல்லாம் பயந்தா கம்பெனி நடத்த முடியுமா சார்?"

கறிவேப்பிலைக்கு பார்கோடு

கறிவேப்பிலையை டப்பாவில் அடைத்து, பார்கோடு ஒட்டி, விலை போட்டு வைத்தோம். கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க வந்த ஒரு அம்மா கூடை நிறையக் காய் எடுத்தார். பில் போடும்போது கறிவேப்பிலை கேட்டார். டப்பாவைக் காட்டினேன். கூடையை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

"காய் வாங்கினா கறிவேப்பிலை கொசுறுன்னுகூடத் தெரியாம எதுக்கு சார் கடை வச்சீங்க?"

கொசுறு கொடுக்க அனுமதி கேட்டு மெயில் போட்டேன். மறுநாள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"சிஸ்டத்துல கொசுறுன்னு ஒரு ஐட்டமே இல்லையே சார்?"

ஒற்றன்

தொப்பி மாட்டிக்கொண்டு வேவு பார்க்கப் போனேன். நாகர்கோவில்காரருக்கு அவியலுக்கென்று சேனைக்கிழங்கு, பூந்தமல்லி பாய்க்கு பிரியாணிக்குப் புதினா என்று அக்கா கேட்காமலே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்! தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டேன். நழுவப் பார்த்தேன்.

"இன்னா மேனேஜர் சாரு, தொப்பி போட்டுகினா தெரியாதா? உன் ஊட்டம்மா முருங்கக்கீரை கேட்டுச்சு, எடுத்துகினு போ."

கரும்புத் துண்டு

பொங்கலுக்கு மேலிடம் கடைசி ஆயுதத்தை இறக்கியது. தோல் சீவி, துண்டு போட்டு, டப்பாவில் அடைத்த கரும்பு. மஞ்சள் கொத்தையும் இலை கிள்ளிக் கழுவி அனுப்பியிருந்தார்கள். "சாமிக்கு யார் சார் துண்டுக் கரும்பு வைப்பாங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "ஃபிளாட்ல முழுக் கரும்பை எங்கே வைப்பாங்க?" என்றார் ஏரியா மேனேஜர்.

எங்கே வைத்தார்களோ! ஐ.டி. ஆட்கள் அத்தனை பேரும் தோகையோடு ஜோடிக் கரும்பை அக்காவிடம் வாங்கி, லிஃப்டில் கோணலாகச் செருகிக்கொண்டு போனார்கள். எங்கள் துண்டுகள் டப்பாவிலேயே கறுத்துப்போயின. மாட்டுப் பொங்கல் முடிந்ததும் ஷட்டரை இறக்கினார்கள். சாவியைக் கொடுத்துவிட்டுத் தெருவில் நின்றேன். அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"மனச உட்றாத நைனா. ஆமா, உன் கட வாசல்ல நல்லா நெயலு கீது, வண்டிய அங்க போட்டுக்கட்டா?"

எங்கள் ஆபீஸ் மனசுக்குள் கட்டிவைத்திருந்த வாடிக்கையாளருக்கு அந்தக் கடை பிரமாதமாகத்தான் பொருந்தியிருக்கும், என்ன, அப்படி ஒருத்தர் சென்னீர்குப்பத்தில் குடியிருக்கவில்லை, அவ்வளவுதான்.