மாஸ்டரின் வலது கால்

பீட்சா பெட்டிகளுக்கு அவர் சீட் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டே பெட்டிகள். காரின் பின் இருக்கையில் வைத்துவிட்டுப் புறப்பட்டால் அவை எழுந்து எங்கும் போய்விடப் போவதில்லை. ஆனாலும் பெல்ட்டை மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்து, சுற்றி வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, தன் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டு, கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். கடைக்கு வரும்போதுதான் அவற்றைச் சரிபார்த்திருந்தார். பிறகு இண்டிகேட்டரைப் போட்டார். தெருவில் ஈ காக்கை இல்லை. யாருக்காக அந்த விளக்கு அணைந்து எரிகிறது என்பது அதற்கே தெரியாது. கடைக் கண்ணாடிக்கு உள்ளே சூப்பர்வைசர் பெண் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

பகலில் அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இருபது வருடத்துக்கு மேலாக ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையிலேயே காலம் தள்ளியவர். அந்த இருக்கைக்கு ஸ்டியரிங் கிடையாது. காலடியில் கூடுதலாக ஒரு பிரேக் மட்டும் உண்டு. பழகுபவர் தடுமாறினால் மாஸ்டர் அதை மிதித்து வண்டியை நிறுத்துவார். வேறு இடங்களில் திட்டு வாங்கி, அழுத கண்ணோடு வந்தவர்கள்கூட இவரிடம் லைசென்ஸ் வாங்கிப் போயிருக்கிறார்கள். ஏனென்றால் இவருக்குத் திட்டவே வராது. "மெதுவா... மெதுவா... கிளட்ச்ச விடுங்க, மெதுவா. ரோடு எங்கயும் ஓடிப் போயிடாது" என்பதுதான் அவர் நடத்தும் மொத்தப் பாடமும். பீட்சா கடையில் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு யாரோ 'மெதுவா மாஸ்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது ஒட்டிக்கொண்டது. அவருக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை, பாராட்டு என்றே நினைத்துக்கொண்டார்.

வருத்தமெல்லாம் அவர் மனைவிக்குத்தான். டிரைவிங் ஸ்கூலில் ஆள் வரத்து குறைந்து, முதலாளி இவருடைய நேரத்தைப் பாதியாக வெட்டியபோது, வெளியூரில் படிக்கும் மகள் போனில் அழுதாள். கடைசி வருடத்தை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விடுகிறேன் என்றாள். "நீ புத்தகத்த மட்டும் பாரு. மிச்சத்த அப்பா பாத்துக்கறேன்" என்று இவர் சொன்ன வேகம் இருக்கிறதே, வாழ்க்கையில் அவர் வேகமாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். மறுநாளே பீட்சா கடையில் மாலை வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டார். பைக் ஓட்ட மாட்டார், இரண்டு சக்கரத்தின்மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. முதலாளியிடம் கேட்டு ஸ்கூல் காரையே எடுத்துக்கொண்டார். முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கூரைமேல் இருக்கும் ஸ்கூல் பலகையைக் கழற்றக் கூடாது, போகிற இடமெல்லாம் விளம்பரம் ஆகட்டும் என்றார்.

ஆகவே ஊரார் வீட்டு வாசலில் பீட்சா வந்து இறங்கும்போது, கூரையில் ஸ்கூல் பெயரோடு பெரிய எல் போர்டும், பின் கண்ணாடியில் 'பழகுபவர் ஓட்டுகிறார், பொறுத்துக்கொள்ளுங்கள்' என்ற வாசகமுமாக வந்து இறங்கியது. ஜன்னலில் நின்று பார்க்கும் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். பொறுத்துக்கொள்பவர்கள் மட்டும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

ஓட்டும்போது மாஸ்டர் போனை எடுக்க மாட்டார். சட்டப்படி நிறுத்தக்கூடிய ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் திருப்பிக் கூப்பிடுவார். அதற்குள் சூப்பர்வைசர் பெண் அவர் மனைவியின் நம்பருக்கு வந்துவிடுவாள். "அக்கா, சார் எங்கக்கா?" என்பாள். மனைவி என்ன, புருஷனை இடுப்பில் முடிந்துகொண்டா திரிகிறாள்? ஹோட்டல் படுக்கை விரிப்புகளை ஏற்றிப்போய் இறக்கும் லாண்டரி வேனை நாள் முழுக்க ஓட்டிவிட்டு வந்து, அப்போதுதான் காலை நீட்டியிருப்பாள்.

புகார்கள் வரிசையாக வந்தன. ஒரு வீட்டில், இது இன்று செய்ததா நேற்றுச் செய்ததா என்று கேட்டார்கள். ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு, வாசலில் நிறுத்தக் கூடாது என்று பலகை இருந்ததால், இரண்டு தெரு தள்ளி வண்டியை விட்டுவிட்டுப் பெட்டியைக் கையில் ஏந்தி நடந்தே போய்ச் சேர்ந்தார். மூன்றாவது புகாரைக் கேட்டு அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கதவைத் திறந்த மனிதரிடம் பீட்சாவைக் கொடுப்பதற்கு முன்னால், கீழே தெருமுனையில் நிற்கும் கார் உங்களுடையதா, திருப்பத்துக்கு இவ்வளவு பக்கத்தில் நிறுத்தலாமா என்று கேட்டு, அவரைக் கீழே அழைத்துப்போய், பின்னால் நின்று கை காட்டி, வண்டியைத் தள்ளி நிறுத்த வைத்திருக்கிறார். அவ்வளவு நேரமும் பெட்டி படிக்கட்டில் காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

"ரோடு எங்கயும் ஓடாது, சரி. சூடு ஓடிடுமே, அது தெரியாதா உங்களுக்கு?" என்று அன்று சோறு போடும்போது கேட்டாள். அவர் நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, அந்த மனிதர் நல்ல மாதிரி, இப்போது ஒழுங்காக நிறுத்தியிருக்கிறார் என்றார். இந்த ஆளிடம் கோபித்துக்கொள்வதும் ஒன்று, சுவரோடு முட்டிக்கொள்வதும் ஒன்று என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். சமையலறையிலிருந்து கூடத்துக்குத் திரும்பும்போது தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். டி.வி.யில் கார்கள் ஒன்றையொன்று துரத்தினால் வலது கால் தன்னால் தரையை அழுத்தும். சோபாவுக்கு முன்னால் அந்த இடத்தில் மட்டும் விரிப்பு தேய்ந்து நூல் தெரிந்தது. அவருடைய வலது ஷூவுக்கு மட்டும் அவள் அடிக்கடி அடித்தோல் மாற்றிக்கொண்டு வருவாள். இடது ஷூ வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கும். செருப்புத் தைப்பவர் ஒருநாள், ஐயா நொண்டுவாரா என்று கேட்டேவிட்டார்.

கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை அவள் ஓட்டிய வேனில் அவர் ஏறியிருக்கிறார். அவள் யாரிடமும் போய் வண்டி பழகியவள் இல்லை. லாண்டரியின் பின்புறக் காலி இடத்தில் தானாக ஓட்டிப் பழகியவள். கை பயப்படாது, கண் தப்பாது. அன்று வழிநெடுக அவர், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். "மெதுவா" என்று எத்தனை முறை சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை. பாதி வழியில் அவள் வண்டியை ஓரங்கட்டி, பஸ் வரும், ஏறி வாருங்கள் என்று இறக்கிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்கு இருவரும் தனித்தனியாகத்தான் போனார்கள். பார்த்தவர்கள் சண்டையா என்று விசாரித்தார்கள். சண்டை இல்லை, அவருடைய கால்தான் என்று அவள் யாருக்கு விளக்குவாள்?

சனிக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர் பெண்ணின் போன் வந்தது. இந்த முறை, சார் எங்கே என்று அவள் கேட்கவில்லை.

"அக்கா, ஊர்க்கோடியில ஒரு பெரிய ஆர்டர். பிறந்தநாள் பார்ட்டி. பைக்ல கொள்ளாது, சார் கார்தான் இருக்கு. இதுவும் ஆறிப்போய்ச் சேந்துச்சுன்னா வேலையில இருந்து சார் பேர எடுத்துடச் சொல்லி மேல இருந்து சொல்லிட்டாங்க. நான் எவ்வளவுதான்க்கா தாங்கிப் பிடிக்கிறது?"

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மனைவியான தனக்கே இல்லாத பொறுமையை அவள் காட்டியிருக்கிறாள். வேன் சாவி கையிலேயே இருந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கடை வாசலில் மாஸ்டர் பின் இருக்கையில் பெட்டிகளை அடுக்கி, பெல்ட்டை எந்தப் பெட்டிக்கு மாட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவள் வேனை ஓரமாக விட்டுவிட்டு வந்து, காரைச் சுற்றிப்போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"அந்தப் பக்கமா ஏறுங்க."

அவர் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார். "இது ஸ்கூல் வண்டிம்மா. என்ன விட்டா படிக்கிறவங்க மட்டும்தான் ஓட்டலாம்."

"அப்ப என்னையும் படிக்கிறவளா நெனச்சுக்குங்க. மேல போர்டு இருக்குல்ல."

கடைக்கு உள்ளே நின்ற சூப்பர்வைசர் பெண்ணை அவர் பார்த்தார். யார் ஓட்டினால் எனக்கென்ன, போய்ச் சேர்ந்தால் போதும் என்பது போல அவள் இரண்டு கைகளாலும் கும்பிட்டாள். இடம் கொள்ளாத கடைசி மூன்று பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு மாஸ்டர் தன் பழைய இருக்கையில் ஏறினார்.

தெருவைத் தாண்டி முதல் திருப்பத்தில் வண்டி குலுங்கி நின்றது. பிரேக்கை அவள் மிதிக்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். அவர் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய சாலையில் ஏறி, ஒரு லாரியைக் கடந்து, ரவுண்டானாவுக்குள் நுழைந்ததும் மறுபடியும் அதேதான். பின்னால் வந்தவர்கள் ஹாரனை அழுத்தித் திட்டித் தீர்த்தார்கள். பின்னிருக்கைப் பெட்டிகள் ஒரு பக்கமாகச் சரிந்தன. அவள் ஒரு கடை ஓரமாக வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. இவரைப் போன முறை போல இறக்கிவிட்டு, பெட்டிகளை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாமா என்று உண்மையாகவே நினைத்தாள்.

"வண்டிய நீங்க ஓட்டுறீங்களா, நான் ஓட்டுறேனா?"

"நான் போடலம்மா. கால் தன்னால போகுது."

அவருடைய முகத்தைப் பார்த்தாள். அது பொய் சொல்கிற முகமல்ல, பயந்துபோன முகம். மடியில் இருந்த பெட்டிகளை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தார். சூடு தொடையில் சுட்டிருக்க வேண்டும், ஆனாலும் பெட்டிகளை விலக்கவில்லை. அவளுக்கு ஒரு நொடி பாவமாக இருந்தது. மறுநொடியே எரிச்சல் திரும்பி வந்துவிட்டது.

"புள்ளைகிட்ட, மிச்சத்த அப்பா பாத்துக்கறேன்னு சொன்னது உங்க வாய்தானே? இந்தக் கால் மட்டும் யாரோடது?"

அவர் மடியில் இருந்த பெட்டிகளை அவள் பக்கம் நீட்டினார். எதற்கென்று புரியாமல் அவள் வாங்கிக்கொண்டாள். அவர் குனிந்து, ஷூக்களின் கயிற்றை அவிழ்த்து, இரண்டையும் ஜோடியாக இருக்கைக்கு அடியில் தள்ளினார். பிறகு முழங்கால் நெட்டி முறிய, ஒரு காலைத் தூக்கி மடக்கினார். இன்னொன்றையும் தூக்கி மடக்கினார். சாப்பாட்டுக்கு உட்காருவது போல இருக்கைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, பெட்டிகளைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இப்போது பிரேக்குக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். "பின்னாடி யாரும் இல்ல. போ."

அவள் போனாள். எல் போர்டு போட்ட கார் ஒன்று, பொறுத்துக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோளோடு, வண்டிகளை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போவதைச் சாலையில் இருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். தாண்டப்பட்டவர்களில் அதே பீட்சா கடையின் பைக் ஓட்டுபவர் ஒருவரும் இருந்தார். மாஸ்டர் அவரைக் கண்டதும் பெட்டிகளின்மேல் இன்னும் குனிந்துகொண்டார். "மெதுவா" என்ற வார்த்தை அவர் தொண்டை வரை வந்து வந்து திரும்பிப் போவது அவளுக்குத் தெரிந்தது. திருப்பங்களில் மடித்த காலின் கட்டைவிரல் மட்டும் இருக்கையை ஓர் அழுத்து அழுத்தியது. போகட்டும், அதற்கெல்லாம் வண்டி நிற்காது.

பிறந்தநாள் வீட்டு வாசலிலேயே நிறுத்த இடம் இருந்தது. சட்டப்படியான இடம்தானா என்று பார்க்க அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். இருவருமாகப் பெட்டிகளைச் சுமந்துபோய்க் கொடுத்தார்கள். முதல் பெட்டியைத் திறந்ததும் ஆவி எழுந்து, வாங்கிய அம்மாளின் மூக்குக்கண்ணாடியை மூடியது. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாஸ்டர் வெறும் காலோடு வாசற்படியில் நின்று, அந்த ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளில் தான் கொண்டுபோன எந்தப் பெட்டியிலிருந்தும் ஆவி வந்து அவர் பார்த்ததில்லை.

தெருவுக்கு வந்ததும் அவள் போன் அடித்தது. சூப்பர்வைசர் பெண்தான். அந்த வீட்டிலிருந்து இப்போதுதான் பேசினார்கள் என்றாள், குரலே மாறியிருந்தது. பிறகு கொஞ்சம் தயங்கி, ராத்திரிக்கு இன்னொரு ஆர்டர் வந்திருக்கிறது, வருவீர்களா அக்கா என்று கேட்டாள். பெயரை எடுப்பது பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை.

லாண்டரி வேலை, வீட்டு வேலை, இனி இதுவும் தன் தலையிலா என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. திரும்பிப் போக அவசரம் ஒன்றும் இல்லை. பின் இருக்கை காலி, அவர் இஷ்டத்துக்கு உருட்டிக்கொண்டு வரட்டும். "இந்தாங்க" என்று சாவியை அவரிடம் நீட்டினாள்.

மாஸ்டர் சாவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு காரைச் சுற்றிப் போய்ப் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து, பாதத்தில் ஒட்டியிருந்த மண்ணை ஒவ்வொரு காலாகத் தட்டிவிட்டு, ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.